டெல்டாக்காரப் பையன் பெட்ரோலியம் ஜியாலஜி படிக்கலாமா?

தம்பி, நீங்க கேட்டதை நான் எப்படிப் புரிஞ்சுக்கிட்டேன்னு முதல்ல சொல்லிடறேன், தப்பா இருந்தா திருத்துங்க. திருவாரூர் பக்கம் ஊர், அப்பாவுக்கு ஆறு மா (சுமார் ரெண்டு ஏக்கர்) நிலம், அரசு கலைக் கல்லூரியில பிஎஸ்சி ஜியாலஜி ரெண்டாவது வருஷம், பெட்ரோலியம் ஜியாலஜிஸ்ட் ஆகணும்னு ஆசை. பெட்ரோலே இன்னும் பத்து வருஷத்துல முடிஞ்சிடும் இதைப் போய் படிக்கிறியேன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. மேல படிக்க வைக்க வீட்ல காசு இல்ல, ஜியாலஜி படிக்கிறவங்களுக்குன்னு உதவி ஏதாவது இருக்கான்னு கேட்டிருக்கீங்க. எல்லாம் கேட்டு முடிச்சிட்டு கடைசியில போற போக்குல ஒரு வரி போட்டிருக்கீங்க, எங்க ஊர்ல ஹைட்ரோகார்பன்னு (எண்ணெய், எரிவாயு) சொன்னாலே சண்டைக்கு வருவாங்கன்னு. எனக்கென்னவோ உங்களைத் தூங்க விடாத கேள்வி அந்தக் கடைசி வரிதான்னு தோணுது. அதுக்கும் வரேன், கொஞ்சம் பொறுமையா படிங்க, நீளமாத்தான் எழுதப் போறேன்.

எதை எவ்வளவு நம்பலாம்னு தெரியணும்ல, அதனால நான் யாருன்னு சொல்லிக்கறேன். நானும் தமிழ் மீடியம், எம்எஸ்சி முடிச்சு 2003-ல ஒரு சர்வீஸ் கம்பெனியில (எண்ணெய் கம்பெனிகளுக்குக் கிணத்து வேலை செஞ்சு தர்றவங்க) மட் லாக்கரா, அதாவது கிணத்துல இருந்து வர்ற பாறைத் துணுக்கைப் பாத்துப் பதிவு பண்றவனா சேந்தேன். காவிரிப் படுகை, கிருஷ்ணா கோதாவரி, ராஜஸ்தான், நடுவுல வளைகுடாவுல நாலு வருஷம்னு சுத்திட்டு இப்ப ஆபீஸ்ல உக்காந்து சீஸ்மிக் (தரைக்குள்ள அதிர்வு அனுப்பி எடுக்குற படம்) பாக்குற வேலை. ரிக் (கிணறு தோண்டுற இயந்திரக் கோபுரம்) பத்தியும் பாறை பத்தியும் சொல்றது என் கண்ணால பாத்தது. பரிட்சை எழுதி அரசு கம்பெனிக்குள்ள போனவன் நான் இல்ல, அந்தப் பகுதி கூடப் படிச்சவங்க சொன்னதும் என்கிட்ட இன்டர்ன்ஷிப் வந்த பசங்க கிட்ட இருந்து தெரிஞ்சுக்கிட்டதும்தான். எதிர்காலத்தைப் பத்தி சொல்றதை ஜோசியம் கேட்ட மாதிரி வெச்சுக்கங்க.

ஹெல்மெட் மாட்டிக்கிட்டு கையை நீட்டி இங்க தோண்டுங்கன்னு சொல்றவர்தான் பெட்ரோலியம் ஜியாலஜிஸ்ட்னு காலேஜ்ல நானும் நினைச்சிட்டு இருந்தேன். முதல் நாலஞ்சு வருஷம் நிஜமான வேலை என்னன்னா சேறு கழுவுறது. கீழ பிட்ங்கற துளைக்கிற முனை பாறையை நொறுக்கும், உள்ள அனுப்புற மட்ங்கற சேறு அந்த நொறுங்கலை மேல கொண்டு வரும், ஷேல் ஷேக்கர்னு ஒரு பெரிய சல்லடை கடகடன்னு ஆடிக்கிட்டே இருக்கும், அதுல தங்குறதை அள்ளிட்டு வந்து அரிசி களையற மாதிரி களைஞ்சு மைக்ரோஸ்கோப் கீழ வெச்சுப் பாக்கணும். மணலா, களிமண் பாறையா, சுண்ணாம்பா, ஆசிட் ஒரு சொட்டு விட்டா நுரைக்குதா, யூவி பாக்ஸ்ல வெச்சா ஒளிருதா. அஞ்சு மீட்டருக்கு ஒரு சாம்பிள், முக்கியமான இடம் வந்தா ரெண்டு மீட்டருக்கு ஒண்ணு, பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. பிட் 3000 மீட்டர்ல இருக்குன்னா அங்க நொறுங்கின பாறை மேல வந்து சேர சுமார் முக்கால் மணி நேரம் ஆகும், குழியோட அகலம், பைப்போட தடிமன், பம்ப் எவ்வளவு தள்ளுதுன்னு பாத்து அதைக் கணக்குப் போடணும், லேக் டைம்னு பேரு. அந்தக் கணக்கு தப்பினா கையில இருக்கிற கல்லு எந்த ஆழத்துக் கல்லுன்னே தெரியாது, நீங்க எழுதுற ரிப்போர்ட் முழுக்கக் கதைதான்.

ஒரு சம்பவம் சொல்றேன். வேலைக்குச் சேந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும், டெல்டாவுலயே ஒரு கிணறு, ராத்திரி ரெண்டரை மணி, வெளிய தவளை சத்தமும் ஜெனரேட்டர் சத்தமும். சாம்பிளை யூவி பாக்ஸ்ல வெச்சேன், நீலமும் வெள்ளையுமா பளபளன்னு ஒளிருது. எனக்குக் கை கால் ஓடல. எண்ணெய் தட்டுப்பட்டா அதை ஷோன்னு சொல்லுவோம், ஆர்வத்துல ஓடிப் போய் கம்பெனி மேனையே, அதாவது ரிக்ல எண்ணெய் கம்பெனி சார்பா இருக்கிற பொறுப்பாளரையே எழுப்பிட்டேன், சார் ஷோ வந்திருக்கு சார்னு. அதுக்கப்புறம்தான் எங்க சீனியர் ஒருத்தர், மதுரைப் பக்கத்துக்காரர், கண்ணைக் கசக்கிக்கிட்டு வந்தார். குனிஞ்சு பாத்தார். "ஏண்டா, இது மணலுக்குள்ள இருந்து ஒளிருதா, மேல அப்பிக்கிட்டு ஒளிருதா?" எனக்குப் பதில் தெரியல. "சாயந்திரம் என்ன பண்ணாங்க?" "பைப்பை எல்லாம் உருவிட்டு பிட் மாத்தித் திரும்ப இறக்கினாங்க சார்." "அப்ப ஒவ்வொரு ஜாயிண்ட்டுக்கும் கிரீஸ் தடவியிருப்பாங்கல்ல?" அவ்வளவுதான். பைப் மரையில பூசுற கிரீஸும் யூவி வெளிச்சத்துல நல்லா ஒளிரும். திட்டாம ஒண்ணு காட்டிக் கொடுத்தார், மணல் துணுக்கை ஊசி முனையால நசுக்கி அது மேல ஒரு சொட்டு சால்வென்ட் விடு, எண்ணெய் உள்ள இருந்தா நூல் நூலா கசிஞ்சு வெளிய வரும், கிரீஸ்னா மேலயே கரைஞ்சு போயிடும்னு. கம்பெனி மேன் மட்டும் அந்தத் தடவை ரிக் வேலை முடிஞ்சு ஊருக்குப் போற வரைக்கும் என்னைப் பாக்குறப்பெல்லாம் "ஷோ வந்துச்சா?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தார்.

இந்த மாதிரி வருஷங்களைக் கடந்து வந்தா அப்புறம் ஆபரேஷன்ஸ் ஜியாலஜிஸ்ட், அப்புறம் ஆபீஸ்ல வரைபடம் போட்டு அடுத்த கிணறு எங்கன்னு சொல்ற இடம். அங்க போனதும் வேற விதமான அடக்கம் வரும். எண்ணெய் இருக்கணும்னா அஞ்சு விஷயம் ஒண்ணா அமையணும்: எண்ணெய் சுரக்குற பாறை, அது நகர்ந்து வர வழி, தேங்கி நிக்க நுண்துளை உள்ள பாறை, தப்பிச்சுப் போகாம மேல ஒரு மூடி, இதெல்லாம் சேந்து ஒரு பொறி மாதிரி மடிப்பு. ஒவ்வொண்ணுக்கும் 80 சதவீதம் நம்பிக்கைன்னு வெச்சாக்கூட அஞ்சையும் பெருக்கினா 33 சதவீதம்தான் வரும். அதாவது எல்லாமே நல்லா இருக்குன்னு நீங்க நினைச்ச இடத்துலயே மூணு கிணத்துல ரெண்டு வறண்டு போகும். கோடிக்கணக்குல செலவழிச்ச கிணறு வறண்டு போனா மீட்டிங்ல நின்னு ஏன்னு சொல்லணும், அது உங்க தப்பே இல்லாம இருந்தாலும். இந்த நிச்சயமின்மை ஒத்து வராதவங்க இந்தத் தொழில்ல சந்தோஷமா இருந்து நான் பாத்ததில்ல.

உங்களுக்கு ஒரு பெரிய அதிர்ஷ்டம் இருக்கு, அது உங்களுக்கே தெரியுமான்னு சந்தேகம். நீங்க நிக்குற இடமே ஒரு எண்ணெய்ப் படுகை. இந்தியாவும் அண்டார்டிகாவும் பிரிய ஆரம்பிச்ச காலத்துல தரை கிழிஞ்சு இறங்கினதுதான் காவிரிப் படுகை, உங்க வயலுக்குக் கீழ பள்ளமும் மேடுமா மாறி மாறி இருக்கு, பட்டுக்கோட்டை மன்னார்குடி மேடு, நாகப்பட்டினம் பள்ளம், தரங்கம்பாடி பள்ளம்னு எங்க மேப்ல எல்லாம் ஊர்ப் பேர்தான். நரிமணத்துல எண்ணெய் கிடைச்சு 1993-ல அங்கயே சின்ன ரிஃபைனரி வந்ததும், குத்தாலத்துல கேஸ் வந்ததும் உங்க அப்பாவைக் கேட்டா சொல்லுவார். ஆனா டெல்டாவுல பாறையைப் பாக்க முடியாது, மேல பூரா வண்டல். பாக்கணும்னா மேற்க பஸ் ஏறி அரியலூர் பெரம்பலூர் போகணும். காரைன்னு ஒரு ஊர், தரிசா பள்ளம் பள்ளமா அரிச்சுக் கிடக்கும், வெயில்ல ஜிப்சம் கண்ணாடித் துண்டு மாதிரி மின்னும், சுருட்டு மாதிரி பெலம்னைட், சாளக்கிராமம் மாதிரி சுருண்ட அம்மோனைட்னு கல்லாகிப் போன பழைய கடல் உயிரிங்க எல்லாம் தரையிலயே பாக்கலாம். டெல்டாவுல எண்ணெய் சுரந்த பாறைன்னு நாங்க சொல்ற சாத்தப்பாடி ஷேல்ங்கற களிமண் பாறை இருக்கே, அதுவும் நீங்க காரையில மிதிக்கிற களிமண் பாறையும் ஏறக்குறைய ஒரே காலத்துல, சுமார் 10 கோடி வருஷத்துக்கு முன்னாடி, அப்ப இருந்த கடல்ல படிஞ்சது. ஒண்ணு கிலோமீட்டர் கணக்குல புதைஞ்சு வெந்து எண்ணெயாச்சு, இன்னொண்ணு புதையாம ஓரத்துலயே நின்னுடுச்சு, அதனால சுரக்கல. டெக்ஸ்ட் புக்ல பத்து பக்கம் படிச்சா புரியாதது அந்த ஓடைக்குள்ள இறங்கி நின்னா பத்து நிமிஷத்துல புரியும். பிளான்ஃபோர்டுன்னு ஒரு வெள்ளைக்காரர் 1862-லயே இந்த ஏரியாவை மேப் பண்ணி வெளியிட்டுட்டார், வெளிநாட்டுப் பேராசிரியர்கள் விமானம் ஏறி வந்து பாத்துட்டுப் போறாங்க, நம்ம பசங்க மூணு வருஷம் ஜியாலஜி படிச்சும் ஒரு தடவை கூட போகாம டிகிரி வாங்கிடறாங்க, எனக்கு இதுல ஒரு வருத்தம் உண்டு.

சரி, சொந்தக்காரங்க கேள்விக்கு வரேன். பத்து வருஷத்துல பெட்ரோல் முடிஞ்சிடும்ங்கறது சரியில்ல, இதை உறுதியாவே சொல்லலாம். இந்தியா பயன்படுத்துற கச்சா எண்ணெயில 85 சதவீதத்துக்கு மேல இறக்குமதிதான், அதனால உள்ள கிடைக்கிற ஒவ்வொரு பேரலுக்கும் மதிப்பு இருந்துக்கிட்டேதான் இருக்கும். 1974-ல கண்டுபிடிச்ச மும்பை ஹை இன்னைக்கும் ஓடுது, பழைய வயல்ல மிச்சத்தை எடுக்கத்தான் நுணுக்கமா பாக்குற ஜியாலஜிஸ்ட் அதிகமா தேவைப்படுது. கிருஷ்ணா கோதாவரி ஆழ்கடல்ல ஓஎன்ஜிசி 2024 ஜனவரியில புதுசா ஒரு வயல்ல எண்ணெய் எடுக்க ஆரம்பிச்சாங்க. சந்தேகமானது எதுன்னா, எலெக்ட்ரிக் வண்டியெல்லாம் நிறைய வந்தப்புறம் புதுசா தேடுறதுக்கு எத்தனை பேரை வேலைக்கு எடுப்பாங்கங்கறது. அதை யார் அடிச்சுச் சொன்னாலும் நம்பாதீங்க, நான் சொன்னாலும்.

ஆனா எண்ணெய் தீர்றதை விட உங்களைச் சீக்கிரம் கடிக்கப் போறது எண்ணெய் விலை. 2014 ஜூன்ல பேரல் 115 டாலர் வரைக்கும் போச்சு, 2016 ஜனவரியில 30-க்கும் கீழ. 2020 ஏப்ரல் 20-ம் தேதி அமெரிக்காவுல விலை மைனஸ் 37 டாலருக்குப் போச்சு, அதாவது எடுத்துட்டுப் போனா காசு தரேன்ங்கற நிலைமை. ஒவ்வொரு தடவை விலை விழுறப்பவும் முதல்ல கழட்டி விடுறது சர்வீஸ் கம்பெனி ஆளுங்களைத்தான். 2015 கடைசியில எனக்கும் அது நடந்துச்சு, ஒரு ஈமெயில், பதினஞ்சு நிமிஷ போன் கால், முடிஞ்சுது. பொண்ணு அப்ப எல்கேஜி, ஹவுசிங் லோன் வேற. எட்டு மாசம் என்ன பண்ணேன்னு கேட்டா, போர்வெல் பாயிண்ட் பாத்தேன். எலெக்ட்ரிக்கல் ரெசிஸ்டிவிட்டி மெஷினை வாடகைக்கு எடுத்துக்கிட்டு சேலம், தருமபுரி பக்கம் கிரானைட்டுல தண்ணி வெடிப்பு எங்க இருக்குன்னு தேடினேன். தேங்காய் வெச்சுப் பாக்குறவரோட போட்டி போட வேண்டியிருந்துச்சு, பாதி எடத்துல அவர்தான் ஜெயிச்சார்னு வைங்க, ஆனா சோறு போட்டுச்சு. எம்எஸ்சியில வேண்டா வெறுப்பா படிச்ச ஹைட்ரோஜியாலஜி (நிலத்தடி நீர்) பேப்பர்தான் கை கொடுத்துச்சு. என்கூடவே வேலை போன ஒருத்தர் சாஃப்ட்வேர்ல பட்டன் அமுக்க மட்டும் கத்துக்கிட்டவர், ரெண்டு வருஷம் ரொம்பக் கஷ்டப்பட்டார். அதனாலதான் சொல்றேன், பிஎஸ்சி, எம்எஸ்சி வரைக்கும் பெட்ரோலியம்னு தனியா ஒதுங்காதீங்க. மினராலஜி, ஸ்ட்ரக்சுரல், ஸ்ட்ராட்டிகிராஃபி, நிலத்தடி நீர், மேப்பிங், எல்லாத்தையும் நல்லா படிங்க. பெட்ரோலியம் பகுதியைக் கம்பெனியில ஆறு மாசத்துல சொல்லிக் கொடுத்துடுவாங்க, பாறையைப் பாக்க யாரும் அங்க உக்காந்து சொல்லித் தர மாட்டாங்க.

எண்ணெயைத் தாண்டியும் இதே அறிவுக்கு வேலை இருக்கு. நார்வேயில ஸ்லைப்னர்னு ஒரு இடத்துல 1996-ல இருந்து கார்பன் டை ஆக்சைடை கடலுக்கு அடியில இருக்கிற மணல் பாறைக்குள்ள திரும்ப இறக்குறாங்க, ஆரம்ப வருஷங்கள்ல வருஷத்துக்கு கிட்டத்தட்ட 10 லட்சம் டன் வரைக்கும், அதுக்கும் மூடி பாறை தாங்குமான்னு பாக்குறது ஜியாலஜிஸ்ட்தான். நம்ம நாட்டுல விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர்ல பாறையைக் குடைஞ்சு 53 லட்சம் டன் கச்சா எண்ணெய் சேமிக்கிற அளவுக்குக் குகை கட்டியிருக்காங்க. டனல், அணை, மெட்ரோ, சுரங்கம், எல்லா இடத்துலயும் ஜியாலஜிஸ்ட் நிக்கிறார். சம்பளம் எண்ணெய் அளவுக்கு வராது, அதை மறைக்க விரும்பல.

இப்ப அந்தக் கடைசி வரி. 2017-ல நெடுவாசல் ஹைட்ரோகார்பன் போராட்டம், அதே வருஷம் கதிராமங்கலத்துல எண்ணெய் பைப் கசிஞ்சது, அதுக்கு முன்னாடி மன்னார்குடி மீத்தேன் திட்டம், இதெல்லாம் நடந்தப்ப நீங்க பள்ளிக்கூடப் பையனா இருந்திருப்பீங்க. 2020-ல தமிழ்நாடு அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கொண்டு வந்துச்சு, அதன்படி டெல்டாவுல புதுசா எண்ணெய், எரிவாயு தேடவோ எடுக்கவோ கூடாது, ஏற்கனவே நடக்குறது தொடரலாம். அதனால உங்க வீட்டுக்குப் பக்கத்துலயே வேலைங்கற கனவு இருந்தா அதை மூட்டை கட்டிடுங்க. வேலை மும்பை, குஜராத், அசாம், ராஜஸ்தான், ஆந்திரக் கடல் பக்கம்தான் அதிகம். தொழில்நுட்பமா எது உறுதின்னு கேட்டீங்கன்னா, நிலக்கரியில இருந்து மீத்தேன் எடுக்கணும்னா அந்த நிலக்கரிப் படிவத்துல இருக்கிற தண்ணியை முதல்ல வெளிய இறைச்சே ஆகணும், சாதாரண எண்ணெய்க் கிணத்துல அப்படிக் கிடையாது, ரெண்டையும் ஒண்ணுன்னு பேசறது தப்பு. அதே மாதிரி குடிதண்ணி இருக்கிற ஆழத்தை எல்லாம் இரும்பு கேசிங் குழாய் போட்டு சிமெண்ட் வெச்சு அடைச்சிட்டுத்தான் கீழ போவோம்ங்கறதும் உண்மை. அந்த சிமெண்ட் சில சமயம் சரியா பிடிக்காதுங்கறதும் உண்மை, முப்பது வருஷப் பழைய பைப் வயலுக்கு நடுவுல துருப்பிடிச்சுக் கசியும்ங்கறதும் உண்மை. ஒரு குறிப்பிட்ட ஊர்ல தண்ணி உப்பானதுக்குக் காரணம் கடல் நீர் ஏறினதா, அளவுக்கு மீறி இறைச்சதா, எண்ணெய்க் கிணறாங்கறதை அந்த இடத்துத் தண்ணியை வருஷக்கணக்கா சோதிச்சுப் பாக்காம ரெண்டு பக்கத்துல யாரும் சொல்ல முடியாது. எங்க ஆளுங்கள்ல பல பேர் விவசாயிங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு பேசுவாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. எண்ணெய் கலந்த வயல்ல கால் வெச்சுப் பாத்தவனுக்குத் தெரிஞ்சது ஏசி ரூம்ல இருக்கிறவனுக்குத் தெரியாது. நீங்க அந்த ஊர்லயே வளந்தவர், இந்த வேலைக்கு வந்தா கசிவு ரிப்போர்ட்டைப் படிக்கிற விதம் வேறயா இருக்கும். டீக்கடையில சண்டைக்கு வந்தா சண்டை போடாதீங்க, கேட்டுக்கங்க. அப்பா கிட்ட மட்டும் முன்னாடியே உக்காந்து பேசிடுங்க.

படிப்பு வழிக்கு வரேன். பிஎஸ்சியோட நிறுத்தினா மட் லாக்கர் வேலை கிடைக்கலாம், அதுக்கு மேல போறது கஷ்டம், எம்எஸ்சி கட்டாயம். ஜாம்னு ஐஐடிகளோட எம்எஸ்சி நுழைவுத் தேர்வு எழுதினா பாம்பே, ரூர்க்கி, தன்பாத் மாதிரி இடங்கள்ல ஜியாலஜி கிடைக்கும், மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான சியூஇடி பிஜி எழுதினா புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகம் உங்களுக்குப் பக்கம். இங்கயே அண்ணாமலை, சென்னை, சேலம் பெரியார், அண்ணா பல்கலைக்கழகத்துலயும் நல்ல துறைகள் இருக்கு. அரசு எண்ணெய் கம்பெனிகள் ஜியாலஜிஸ்ட் எடுக்குறப்ப வழக்கமா எம்எஸ்சியில 60 சதவீதம் கேப்பாங்க, பல வருஷம் கேட் (எம்டெக் நுழைவுத் தேர்வு) ஸ்கோர் வெச்சு எடுத்தாங்க, சில தடவை தனியா கம்ப்யூட்டர் தேர்வு வெச்சாங்க, அதனால ஒவ்வொரு வருஷ நோட்டிஃபிகேஷனையும் நீங்களே முழுசா படிங்க, யூடியூப்ல சொல்றதைக் கேட்டு உக்காந்துடாதீங்க. கேட் எழுதுறதுல இன்னொரு லாபம், எம்டெக் போனா மாசம் 12,400 ரூபாய் உதவித்தொகை. கூடவே யூபிஎஸ்சி நடத்துற ஜியோ சயின்டிஸ்ட் தேர்வுக்கும் அதே படிப்பு உதவும், ஜிஎஸ்ஐ (இந்திய நிலவியல் ஆய்வுத் துறை), நிலத்தடி நீர் வாரியம் ரெண்டுக்கும் அதுதான் வாசல். இங்கிலீஷ் பத்தி பயம்னா எனக்கும் இருந்துச்சு, தினம் ஒரு வெல் ரிப்போர்ட் சத்தமா படிச்சுத்தான் பழகினேன்.

காசு விஷயம். ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கங்க, ஜியாலஜிக்கு உதவி இல்லாம இல்ல, சிதறிக் கிடக்கு, கேக்குறவங்க கம்மி. அரசுப் பள்ளியில ஆறுல இருந்து பன்னிரண்டு வரைக்கும் படிச்சவர்னா தமிழ்ப் புதல்வன் திட்டத்துல இப்பவே மாசம் 1000 ரூபாய் உங்களுக்கு வரணும், வரலைன்னா காலேஜ் ஆபீஸ்ல போய் நில்லுங்க, உங்க தங்கச்சிக்குன்னா அது புதுமைப் பெண். எம்எஸ்சி முதல் வருஷம் சேந்ததும் ஓஎன்ஜிசி ஸ்காலர்ஷிப், வருஷம் 48,000 ரூபாய், எஞ்சினியரிங், எம்பிபிஎஸ், எம்பிஏவோட முதுகலையில ஜியாலஜியையும் ஜியோபிசிக்ஸையும் சேத்திருக்காங்க, எஸ்சி எஸ்டி, ஓபிசி, பொருளாதாரத்துல பின்தங்கின பொதுப் பிரிவுன்னு தனித்தனியா ஒதுக்கீடு, வருமான வரம்பு உண்டு. இதுல பசங்க தவற விடுறது எங்கன்னா, முதல் வருஷத்துலயே விண்ணப்பிக்கணும், ரெண்டாம் வருஷம் முழிச்சா போச்சு, வருமானச் சான்றிதழ் வாங்கவே தாலுகா ஆபீஸ்ல மூணு வாரம் இழுக்கும். ஐஐடியிலயோ மத்தியப் பல்கலைக்கழகத்துலயோ சேந்தா தமிழ்நாடு அரசோட பிசி, எம்பிசி நலத்துறை வருஷத்துக்கு 2 லட்சம் வரைக்கும் தருது, எஸ்சி எஸ்டிக்கு போஸ்ட் மெட்ரிக் இருக்கு. ஆராய்ச்சின்னு போனா அமெரிக்காவுல டல்சாவுல இருக்கிற ஏஏபிஜின்னு பெட்ரோலியம் ஜியாலஜிஸ்ட்களோட ஒரு சங்கம், 1917-ல ஆரம்பிச்சது, அவங்க ஃபவுண்டேஷன் முதுகலை, பிஎச்டி மாணவர்களோட தீசிஸ் செலவுக்கு உலகம் முழுக்க கிராண்ட் தராங்க, நம்ம ஊர்ல விண்ணப்பிக்கிறவங்களே கம்மி. அதே சங்கம் இம்பீரியல் பேரல் அவார்டுன்னு ஒரு போட்டி நடத்துது, கல்லூரிக்கு ஒரு டீம், நிஜமான சீஸ்மிக், கிணத்து டேட்டா கொடுத்து எட்டு வாரத்துல எங்க தோண்டலாம்னு கண்டுபிடிச்சு 25 நிமிஷத்துல ஒரு நடுவர் குழு முன்னாடி சொல்லணும். என்கிட்ட வந்த ஒரு பொண்ணு அதுல தோத்துப் போனவதான், ஆனா இன்டர்வியூல எங்க தப்பு பண்ணோம்னு அவ விளக்கின விதத்துக்கே எடுத்துட்டோம்.

போட்டியில சேர முடியலன்னாலும் டேட்டா கையில கிடைக்கும். நார்வேயோட ஈக்வினார் கம்பெனி வோல்வேன்னு ஒரு மூடின வயலோட முழு டேட்டாவையும், சுமார் 40,000 ஃபைல், 2018-ல இலவசமா வெளிய விட்டுட்டாங்க. அந்த டேட்டாவைத் திறந்து பாக்க ஓபன்டெக்ட் சாஃப்ட்வேர் ஃப்ரீ. லேப்டாப் இல்லைன்னா காலேஜ் லேப்ல கெஞ்சி ஒரு சிஸ்டம் வாங்கி ஒரே ஒரு கிணறு, ஒரு காமா லாக், ஒரு ரெசிஸ்டிவிட்டி லாக் (கிணத்துக்குள்ள கருவி இறக்கி ஆழத்துக்கு ஆழம் அளந்த பதிவு) எடுத்து எது மணல், எது களிமண்ணுன்னு கலர் அடிச்சுப் பழகுங்க. நம்ம நாட்டுக் கிணறுகளோட டேட்டாவுக்கு டிஜிஹெச்ங்கற மத்திய அரசு ஹைட்ரோகார்பன் இயக்குநரகத்துக்கிட்ட நேஷனல் டேட்டா ரெப்பாசிட்டரி இருக்கு, அது உங்க பேராசிரியர் மூலமா பல்கலைக்கழகம் கேட்டாத்தான் சரிப்படும்.

ஒரு எச்சரிக்கை. ரெண்டு லட்சம் கட்டு, கோர்ஸ் தரோம், ஆஃப்ஷோர் வேலை கேரண்டின்னு விளம்பரம் பாப்பீங்க. எங்க உறவுப் பையன் ஒருத்தன் அப்படிக் கட்டிட்டு ஒரு லேமினேட் பண்ண சர்டிஃபிகேட்டோட திரும்பி வந்தான். கடலுக்குப் போறதுக்கு முன்னாடி ஹெலிகாப்டர் தண்ணிக்குள்ள கவுந்தா எப்படி வெளிய வர்றதுன்னு ஒரு பயிற்சி நிஜமாவே உண்டு, தொட்டிக்குள்ள உங்களைத் தலைகீழா கவுத்து விடுவாங்க, அது கட்டாயம், ஆனா வேலைக்கு எடுத்த கம்பெனிதான் அதுக்குப் பணம் கட்டும். வேலை கொடுக்க உங்ககிட்ட காசு கேக்குறவன் கம்பெனிக்காரன் இல்ல.

குடும்ப வாழ்க்கை பத்தியும் சொல்லிடறேன், யாரும் சொல்ல மாட்டாங்க. கடல்னா பதினாலு நாள் வேலை பதினாலு நாள் லீவு, வெளிநாடுன்னா பல இடத்துல இருபத்தெட்டுக்கு இருபத்தெட்டு. கேக்க சுகமா இருக்கும். எங்க அப்பா தவறினப்ப நான் கடல்ல இருந்தேன், காத்து பலமா அடிச்சு ஹெலிகாப்டர் ரெண்டு நாள் வரல, காரியத்துக்குத்தான் வந்து சேந்தேன். உங்களுக்கு அப்படி ஆகும்னு சொல்லல, ஆகலாம்.

உங்களுக்கு டிகிரி முடிய இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கு. வர்ற ஜனவரியிலயோ பிப்ரவரியிலயோ காரைக்குப் போங்க, மே மாசம் போகாதீங்க, நிழலே கிடையாது. ரெண்டு பேரா போங்க, பத்து மடங்கு பெருசா காட்டுற லென்ஸ் ஒண்ணு, கொஞ்சம் நீர்த்த ஆசிட் டிராப்பர்ல, நோட்டு, நிறையத் தண்ணி. சாத்தனூர்ல 18 மீட்டர் நீளக் கல் மரம் இருக்கு, அதையும் பாத்துட்டு வாங்க, அதுல சுத்தியல் வெச்சுடாதீங்க, பாதுகாக்கப்பட்ட இடம். காரையில ஒரு ஓடை வெட்டைத் தேர்ந்தெடுத்து கீழ இருந்து மேல ஒவ்வொரு அடுக்கா அளந்து, நிறம், துகள் அளவு, ஆசிட்டுக்கு நுரைக்குதா இல்லையா, என்ன ஃபாசில் இருக்குன்னு எழுதி பென்சில்ல வரைஞ்சு போட்டோ எடுத்து இங்க போடுங்க. நான் பாத்து எங்க தப்புன்னு சொல்றேன். ஜிப்சத்தைக் கால்சைட்டுன்னு எழுதியிருந்தா கட்டாயம் திட்டுவேன், நகத்தால கீறிப் பாத்தாலே தெரியும் அது.